ஞாயிறு: பூட்டு மாற்றவும்

— டார்ச்சை ஆட்டாத.

— நான் ஆட்டலை. கைதான் ஆடுது.

— உன் கைதானே அது?

— அரை மணி நேரமா இப்படிக் குனிஞ்சு நின்னா யார் கையும் ஆடும். மணி என்னங்க ஆகுது?

— இப்பத்தானே கேட்ட. ஒன்பதே முக்கால். வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு... இன்னும் கீழே... சக்கரம் இருந்த இடத்துல ஒரு தண்டு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு, அது மேல.

— எனக்குத் தெரியறதெல்லாம் உங்க ரெண்டு காலுதான். ஞாயித்துக்கிழமைன்னா ஒன்பதரைக்கு லைப்ரரி கிளம்பிடுற மனுஷன், இன்னிக்குன்னு பார்த்துக் காருக்கு அடில படுத்துட்டீங்க.

— வண்டி இல்லாம எப்படிப் போறது?

— பஸ்ல போறது. தெருமுனைலதானே நிக்குது. வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது, சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம். நீங்க கை கழுவிட்டுக் கிளம்புங்க.

— பஸ்ல போனா அங்க எங்க உக்கார்றது?

— ஏன், லைப்ரரில நாற்காலியெல்லாம் தூக்கிட்டாங்களா?

— ...பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கொடு.

— இதுவா?

— அது பதினாலு. எண்ணு போட்டிருக்கு, படிச்சுப் பார்த்துக் கொடு.

— படிக்கிற உத்தியோகம் உங்களுது.

— என் உத்தியோகம் பிழை திருத்துறது. படிக்கிறவனுக்குப் பிழை தெரியாது, பிழை பார்க்கிறவனுக்குப் படிச்சது நினைவிருக்காது. ரெண்டும் வேற.

— அது இந்த வீட்டுக்கே தெரியும். இந்தாங்க பதினேழு.

— ம்... அந்தப் போல்ட்டு கழண்டுதுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

— போல்ட்டு. ஊரே போல்ட்னு சொல்லுது, உங்களுக்கு மட்டும் போல்ட்டு.

— வல்லின மெய்ல தமிழ்ச் சொல் முடியாது. 'ட்'டுன்னு நாக்கு முட்டி நிக்கிற இடத்துல தானா ஒரு உகரம் வந்து விழும். வாய் சொல்றதைக் கையும் எழுதணும். அச்சகத்துல முதலாளி கேட்டப்பவும் இதைத்தான் சொன்னேன்.

— முதலாளி கேக்கட்டும். மளிகைச் சீட்டுல பிரட்டு, பிஸ்கட்டுன்னு எழுதித் தர்றீங்களே, கடைக்காரர் பையன் வாய் விட்டுப் படிச்சுட்டுச் சிரிக்கிறான்.

— சிரிக்கட்டும். சரக்கு சரியா வருதில்ல?

— வருது... நீங்க ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுற சீட்டெல்லாம் படிக்கிறவ நான் ஒருத்திதான்.

— படி. அதுக்குத்தானே ஒட்டுறேன்.

— படிச்சேன். வியாழக்கிழமையே படிச்சேன்.

— என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்லை. வேலையைப் பாருங்க.

— தள்ளிக்க. இந்தத் தண்டை இழுக்கப் போறேன்... வர மாட்டேங்குது... சுத்தியல் எடு. அதில்லை, பெரிசு... ஆ, வந்துடுச்சு. பிடி, பிடி, கீழே விட்டுடாத.

— அப்பா, என்ன கனம். இது என்ன, உள்ளெல்லாம் தார் பூசின மாதிரி இருக்கு?

— கிரீஸு. இந்த ரப்பர் கிழிஞ்சதுல, சக்கரம் சுத்தச் சுத்த எல்லாம் வெளிய தெறிச்சிருக்கு.

— மடிப்பு மடிப்பா இருக்கே, இதுவா? விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு.

— அதேதான். இஞ்சினோட சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு போற தண்டு இது. ஆக்சிலு. சக்கரத்துப் பக்கம் இதுக்கு ஒரு மூட்டு, நம்ம முழங்கால் மாதிரி. அந்த மூட்டுக்கு மேல மாட்டின உறை இது. உறை கிழிஞ்சா உள்ள இருக்கிற கிரீஸு போயிடும், வெளில இருக்கிற மண்ணு உள்ள போயிடும். அப்புறம் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கட கட கடன்னு சத்தம்.

— என் முழங்கால் மாடிப்படில போடுதே, அது மாதிரி.

— அது மாதிரிதான்.

— என் முழங்காலுக்கு இப்படி யாரும் மல்லாக்கப் படுத்து வேலை பார்த்ததில்லை.

— உனக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேனே.

— வாங்கினீங்க. டப்பா மேல இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திட்டுக் கொடுத்தீங்க... ஏங்க, இதை ஒர்க்‌ஷாப்ல விட்டாத்தான் என்ன?

— போன புதன்கிழமை கொண்டு போய்க் காமிச்சேன். கை நிறைய வேலை இருக்கு, அடுத்த புதன்கிழமை விடுங்கன்னான்.

— புதன்கிழமையா?

— ஏன், புதன்கிழமை என்ன?

— ஒண்ணுமில்லை. புதன்கிழமைன்னீங்க, நானும் புதன்கிழமைன்னேன்.

— அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. பதினொண்ணுக்குள்ள முடிச்சா பதினொன்றரைக்கு அங்க இருக்கலாம்.

— பதினொண்ணுக்கா? பதினொண்ணு வரைக்கும் இங்கயேவா இருக்கப் போறீங்க?

— பின்ன, சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு எங்க போறது? ஏன் வாசலையே பார்க்கிற?

— சிலிண்டர் வரும்னு.

— ஞாயித்துக்கிழமையா?

— சில ஞாயிறு வரும்.

— சில ஞாயிறு.

— நீங்க மட்டும் என்ன, எட்டு மாசமா ஞாயிறு தவறாம லைப்ரரி போறீங்க. ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்ததுண்டா?

— அங்கேயே படிச்சு முடிச்சுடுவேன்.

— மூணு மணி நேரத்துல?

— மெல்லிசான புத்தகம்... அந்தக் கத்தியைக் கொடு, பழைய உறையை அறுத்து எடுக்கணும்.

— இந்தாங்க. பார்த்து... ஏங்க, இவ்வளவு செம்மண் எங்கேருந்து? மூட்டு முழுக்க அப்பிக் கிடக்கு. ஜல்லிக் கல்லு கூட மாட்டியிருக்கு பாருங்க.

— ரோட்டுன்னா மண்ணு இருக்காதா?

— நம்ம வாசல்லேருந்து உங்க அச்சகம் வரைக்கும் தார். அச்சகத்துலேருந்து லைப்ரரி வரைக்கும் தார். செம்மண்ணு எந்தப் பக்கம்?

— பதிப்பாசிரியர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை போனேன்.

— ஒரு தடவைலயா இவ்வளவு? ஒர்க்‌ஷாப்காரர் என்ன சொன்னார் இதைப் பார்த்துட்டு?

— என்ன சொல்லுவான்? குறுகின சந்துல முன்னும் பின்னும் ஒடிச்சு ஒடிச்சு வண்டியைத் திருப்புவீங்களான்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பழைய வண்டின்னு சொன்னேன்.

— அவர் கேட்டது அதில்லையே.

— துணி வேணும். பழைய துணி. உள்ள போய் எடுத்துட்டு வா, மண்ணெண்ணெயும் எடுத்துட்டு வா. மூட்டைத் தட்டிக் கழட்டி ஒரு துளி மண்ணு இல்லாம கழுவணும்.

— நான் உள்ள போனா டார்ச் யாரு பிடிக்கிறது?

— வெளில எடுத்தாச்சே, இனிமே வெயில் போதும்... நாலு துணியா கொண்டு வா.

— ...இந்தாங்க. மண்ணெண்ணெய் இவ்வளவுதான் இருக்கு.

— போதும். இது சரி, இது சரி... இது என்ன?

— துணிதான்.

— இது அவ சட்டை.

— காலர் கிழிஞ்சது. கந்தல்தானே?

— வேற கொண்டு வா.

— மூணு இருக்கே, முதல்ல அதுல துடைங்க.

— இதை எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துல வை. அவ அலமாரில நீ எதுக்குக் கை வச்ச?

— தூசி தட்டினேன். ஒதுக்கி வச்சேன்.

— யாருக்காக ஒதுக்கற?

— யாருக்காகவும் இல்லை... வேடிக்கையா இருக்குங்க. அவ பேரை எடுக்கக் கூடாது, படத்தை மாட்டக் கூடாது. ஆனா கிழிஞ்ச சட்டைல கறை படக் கூடாது.

— பேரை எடுக்காதன்னு நான் எப்பச் சொன்னேன்?

— வாயால சொல்லலை. சிவப்புப் பேனாவால சொன்னீங்க.

— ஆரம்பிச்சுடாத.

— எட்டு மாசமா ஆரம்பிக்கலை. இன்னிக்குச் சொல்றேன். கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, 'அப்பா, ஒரு தடவை பிழை பார்த்துக் கொடுங்க'ன்னு புரூஃபைக் கொண்டு வந்து உங்க மேசைல வச்சாளே, பிழை பார்க்கவா கொண்டு வந்தா? உங்களுக்குச் சம்மதமான்னு கேக்க அவளுக்கு வேற வழி தெரியலை. நீங்களும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தீங்க. ரெண்டு ஒற்றுப்பிழை திருத்தினீங்க. அப்புறம், 'இவர்களின் மகள்'னு இருந்த வரிக்கு மேல உங்க பேரு இருந்ததே, அது மேல ஒரு கோடு. ஓரத்துல ஒரு சுழி. நீக்கிடுங்கன்னு அர்த்தம். என் பேரை விட்டு வச்சீங்க. புண்ணியம்.

— பெத்த பொண்ணுக்குக் கல்யாணம்னு ஒருத்தன் அச்சடிச்ச தாள்ல பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா?

— அது அவ தப்பு. நானே அவளைத் திட்டினேன். ஆனா அடிச்சதுக்குக் கீழே புள்ளி வச்சா அடிச்சது செல்லாது, இருந்தது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? நாலு புள்ளி. எட்டு மாசத்துல நாலு புள்ளி வைக்க உங்களுக்குக் கை வரலை.

— ...அந்தப் புது ரப்பரை டப்பாவுலேருந்து எடு. எடுத்துக் கைல வச்சுக்க, கீழே வைக்காத, மண்ணு ஒட்டும்.

— எடுத்துட்டேன்.

— மூட்டு தப்பிச்சுதுன்னுதான் நினைக்கிறேன். உள்ள ஆறு குண்டு இருக்கு, ஒண்ணுலயும் பெரிய குழி இல்லை. புதுக் கிரீஸு போட்டா கொஞ்ச நாள் ஓடும். இந்தச் சின்ன வளையம் இருக்கே, இது தண்டோட பள்ளத்துல உக்காரணும். இது இல்லேன்னா மூட்டு தண்டுல நிக்காது, கழண்டு வந்துடும்... உக்காந்துடுச்சு. தள்ளிக்க. இப்ப மூட்டை வச்சு அடிக்கப் போறேன்.

— மணி பத்தே கால் ஆச்சு.

— ஆகட்டும்... ம்... ம்... கேட்டியா? டக்குன்னு ஒரு சத்தம். உக்காந்துடுச்சு. இழுத்துப் பார்க்கிறேன். அசையலை. பார்த்தியா, ஒர்க்‌ஷாப்காரன் வேணும்னு இல்லை. பொறுமை இருந்தா போதும்.

— பரவாயில்லையே.

— வீடியோல முப்பது நிமிஷம்னான், நமக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்... நீ என்ன வச்சிருக்க கைல?

— நீங்க பிடிச்சிருக்கச் சொன்ன ரப்பர். ஏங்க, என்ன ஆச்சு?

— அது முதல்ல தண்டுல ஏறணும். அப்புறம்தான் மூட்டு.

— இப்ப மேலால மாட்ட முடியாதா?

— இந்தச் சின்ன வாய் அந்தப் பெரிய மூட்டைத் தாண்டி எப்படிப் போகும்? திரும்பக் கழட்டணும். எல்லாத்தையும்.

— கைல வச்சுக்கன்னு நீங்கதான் சொன்னீங்க.

— வச்சுக்கன்னு சொன்னேன். அடிக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, 'இதை என்ன பண்றது'ன்னு?

— உங்க வேலைல நான் என்னிக்குக் கேள்வி கேட்டிருக்கேன்? கேட்டிருந்தா எட்டு மாசத்துக்கு முன்னாடியே கேட்டிருப்பேன்.

— சுத்தியல்.

— மெதுவா அடிங்க. கோவத்துல அடிக்காதீங்க.

— கோவம் இல்லை... ம்... வரிசை மாறினா... ம்... எந்த எழுத்தும் தப்பாத்தான் போகும்... ம்... வந்துடுச்சு. ஐயோ, வளையம். வளையம் தெறிச்சுடுச்சு. எங்க போச்சு? அசையாத, நின்ன இடத்துலேயே நில்லு. மிதிச்சுடாத.

— இருங்க... செடித்தொட்டி பக்கம் என்னவோ மின்னுது... இருக்கு. கிடைச்சுடுச்சு.

— நல்லவேளை. இருந்தது அது ஒண்ணுதான். கொடு.

— இது இல்லேன்னா வண்டி நகராது. இல்லை?

— இப்பத்தானே சொன்னேன். கொடு.

— தர மாட்டேன்.

— என்ன?

— ஒரு வார்த்தை சொல்லுங்க, தர்றேன்.

— விளையாடாத. மணி ஆகுது.

— எனக்கும்தான் மணி ஆகுது. காலைலேருந்து கேக்கலாம், கேக்கலாம்னு இருக்கேன். இந்த வேலை முடிஞ்சதும் அடுத்து அதுதானே? அதை மாத்த மாட்டேன்னு சொல்லுங்க.

— எதை?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— தெரியலை. எதை?

— பூட்டை.

— எந்தப் பூட்டை?

— நம்ம வாசக்கதவுப் பூட்டை. போறப்ப அவ சாவியைத் திருப்பிக் கொடுக்கலை, நானும் கேக்கலை. என்னிக்காவது ஒரு நாள் திறந்துக்கிட்டு வருவா, வரட்டும்னு விட்டேன். அதையும் பொறுக்காம, ஃப்ரிட்ஜ் மேல முத்து முத்தா எழுதி ஒட்டியிருக்கீங்களே, 'ஞாயிறு: பூட்டு மாற்றவும்'னு. பேரைத்தான் சுழிச்சீங்க. கதவையுமா? சொல்லுங்க.

— அந்த டப்பாவை எடு.

— எந்த டப்பா?

— ரப்பர் வந்த டப்பா. மேல என்ன போட்டிருக்கு, படி.

— இங்கிலீஷ்ல... ஆக்சில்... பூட்... கிட்.

— நடுவுல?

— பூட்.

— ம்.

— பூட்... பூட்டு.

— 'ட்'ல முடியாதில்ல.

— இந்த ரப்பரா?

— இந்த ரப்பர்தான்.

— இந்தக் கிழிஞ்ச ரப்பருக்காக நான் மூணு ராத்திரி தூங்கலை. அட, போங்க. உங்க இலக்கணத்தை அடுப்புல போட. ரப்பர்னு எழுதினா கை தேஞ்சுடுமா?

— கடைக்காரன் பூட்டுன்னு சொன்னான். எழுதினேன். நீ வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— நீங்க ஒரு வார்த்தை தள்ளி எழுதியிருக்கலாம். ஆக்சில் பூட்டுன்னு.

— ...ஆமாம். அது பிழைதான். பொருள் மயக்கம். வேற எவனாவது எழுதியிருந்தா சுழிச்சிருப்பேன்.

— இந்தாங்க வளையம்.

— அழாத. கையெல்லாம் கிரீஸு, கண்ணைத் துடைக்காத. எரியும்.

— நான் அழலை.

— சரி... இந்தத் தடவை வரிசையாப் போவோம். முதல்ல சின்னக் கிளாம்ப்பு. அப்புறம் ரப்பர். பிடிச்சுக்க. இப்ப வளையம். இப்ப கிரீஸு, பாக்கெட்டைக் கத்தரி, நல்லாப் பிதுக்கு, எல்லாத்தையும் உள்ள போடணும்... ம், போதும். இப்ப மூட்டு. தள்ளிக்க... ம்... ம்... ம். ஆச்சு.

— இப்ப என் கைல ஒண்ணும் இல்லை. பார்த்துக்கங்க.

— பார்த்துட்டேன். பெரிய கிளாம்ப்பை மாட்டி இறுக்கிட்டா தண்டைத் திரும்ப உள்ள விடலாம். பத்து முப்பத்தஞ்சா? பதினொண்ணே காலுக்குக் கிளம்பிடுவேன்.

— ஏங்க.

— ம்.

— நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— ரப்பரா? அது என் தப்பு.

— அதில்லை. சீட்டைப் படிச்சுட்டு வியாழக்கிழமை அவளுக்கு போன் பண்ணினேன். 'அப்பா பூட்டை மாத்தப் போறார், அதுக்கு முன்னாடி வந்து உன் சர்ட்டிபிகேட், துணிமணி எல்லாம் எடுத்துக்கோ'ன்னு சொன்னேன். நீங்க லைப்ரரில இருக்கிற நேரமாப் பார்த்து, இன்னிக்குப் பதினொண்ணுக்கு வரச் சொன்னேன்.

— இன்னிக்கா?

— இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவா. அதான் உங்களைப் பஸ்ல அனுப்பப் பார்த்தேன்.

— சிலிண்டர்.

— ம். அதுதான் சிலிண்டர்.

— நான் பூட்டை மாத்தப் போறேன்னு சொன்னதும்... அவ நம்பிட்டாளா?

— நம்பலை. 'அப்பா மாத்த மாட்டாரும்மா, நீ வேற எதையோ பார்த்திருப்ப'ன்னா. நான்தான் சத்தியம் பண்ணினேன்.

— வேற என்ன சொன்னா?

— ஞாயித்துக்கிழமை அப்பா லைப்ரரி போயிருப்பார், பயப்படாம வான்னேன். அதுக்குச் சிரிச்சா.

— எதுக்குச் சிரிச்சா?

— தெரியலை. 'லைப்ரரிக்கா'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சா. என்னடின்னா, ஒண்ணுமில்லைம்மான்னுட்டா... இன்னொண்ணும் இருக்கு. சொன்னா ஸ்பானரைத் தூக்கி எறியக் கூடாது.

— சொல்லு.

— அவங்க ஊரை விட்டுப் போறாங்க. மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல வேலையாம். இந்தப் புதன்கிழமை.

— எவ்வளவு தூரம்?

— ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகலாம்.

— நம்ம வண்டி அவ்வளவு தூரம் போகுமா?

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்லை. அந்தக் கட்டிங் பிளேயரைக் கொடு.

— இல்லை, என்னவோ சொன்னீங்க. வண்டி எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?

— தண்டு உள்ள போகணும், சக்கரத்தை மாட்டணும். பதினொண்ணுக்குள்ள முடியாது. நான் இப்படியே நடந்து போயிடறேன். அவ வந்து எடுக்க வேண்டியதை எடுத்துட்டுப் போனதும் வர்றேன்.

— இந்தக் கோலத்துலயா? மூக்கு நுனி வரைக்கும் கிரீஸ். தெரு நாயெல்லாம் பின்னாடியே வரும்.

— அப்ப உள்ள போய்க் குளியலறைல இருக்கேன்.

— சொந்த வீட்டுல ஒளிஞ்சுக்கப் போறீங்களா? ஒரு வார்த்தை பேசுங்கங்க. புதன்கிழமைக்கு அப்புறம் நினைச்சாலும் முடியாது.

— என்ன பேசறது?

— வான்னு சொல்லுங்க. பிழை இல்லாத வார்த்தைதான்.

— எட்டு மாசம் கழிச்சு 'வா'ன்னு சொன்னா, 'எங்க போனீங்க இத்தனை நாளா'ன்னு கேப்பா.

— கேக்கட்டும். கேட்டா பதில் சொல்லுங்க.

— சொல்ற மாதிரி பதில் இல்லை... டார்ச்சைப் பிடி. மறுபடி அடில போறேன்.

— ஏன் அடில போறீங்க? இன்னும் கிளாம்ப்பே இறுக்கலை.

— ஒரு போல்ட்டைப் பார்க்கணும்.

— ஆட்டோ சத்தம் கேக்குதுங்க.

— மணி பத்தே முக்கால்தானே ஆச்சு?

— ஆட்டோ வந்து நிக்குது... அவதாங்க. ஓடி வர்றா. வெளிய வராதீங்க... இல்லை, வாங்க... ஏதாவது ஒண்ணு பண்ணுங்க.

— கையெல்லாம் கிரீஸு.

— அம்மா... அம்மா, அப்பா எங்க? அப்பாவுக்கு என்ன?

— ஏன்டி இப்படி மூச்சு வாங்குது? பதினொண்ணுன்னுதானே சொன்னேன்? அப்பாவுக்கு ஒண்ணுமில்லை. இதோ, காருக்கு அடில இருக்கார்.

— அடிலயா? ஐயோ, ஜாக்கி கீக்கி விழுந்து...

— இல்லைடி. படுத்துக்கிட்டு வேலை பார்க்கிறார். கால் ஆடுது பாரு. நீ பயந்த மாதிரி பூட்டெல்லாம் மாத்தலை. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். அது வண்டில இருக்கிற ஏதோ ரப்பராம். அது கிழிஞ்சா, திருப்பும்போது கட கடன்னு சத்தம் வருமாம்.

— தெரியும்மா, அந்தச் சத்தம்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— வந்திருக்கா, முதல்ல குடிக்கத் தண்ணி கொடு. அப்புறம் பேசிக்கலாம்.

— நீங்க சும்மா இருங்க. நீ சொல்லுடி. உனக்கு எப்படித் தெரியும்?

— நான் பூட்டுக்காக வரலைம்மா. எட்டு மாசமா, ஞாயித்துக்கிழமை பத்து மணின்னா எங்க சந்து முனைல ஒரு வண்டி வந்து நிக்கும். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிக்கும். நான் கீழே இறங்கினா அடுத்த வாரம் வராம போயிடுமோன்னு, மாடிலேயே நின்னு மெதுவாத் துணி காயப்போடுவேன். இந்த ரெண்டு மாசமா எட்டிப் பார்க்கக் கூட வேண்டாம், முட்டுச் சந்துல திருப்பி நிறுத்தும்போதே கட கட கடன்னு கேக்கும். இன்னிக்குப் பத்தே கால் வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன், கேக்கலை. அப்பா... உங்களுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு, செருப்பு கூடப் போடாம ஓடி வந்துட்டேன்.